நான்காவது போல்ட்

சாயங்காலம் நாலு மணிக்கு நாராயணப்பனைக் கோர்ட்டில் நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்பப் போகிறார்கள். காலை பத்தேகால் ஆகிவிட்டது. அதற்குள் அந்த மனிதர் நிரபராதி என்று நிரூபித்தாக வேண்டும். நிரூபிப்பது துப்பறியும் ஜோதிமணியின் வேலை. அவளுக்குப் பின்னால் ஃபைலும் தண்ணீர் பாட்டிலும் தூக்கிக்கொண்டு ஓடுவது முனிரத்தினத்தின் வேலை.

முனிரத்தினத்துக்கு நாற்பத்தொரு வயது. ஓசூரிலேயே பிறந்து வளர்ந்த ஆள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தண்ணீர்பட்ட பாடு. வாய் சும்மா இருக்காத காரணத்தால் மூன்றிலும் அடி வாங்கியிருக்கிறான். ஜோதிமணி பன்னிரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து, நொறுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவள். மனுஷன் பொய் சொல்வான், இரும்பு சொல்லாது என்பது அவள் கட்சி. அவள் சிரித்து முனி பார்த்ததில்லை. சம்பள உயர்வு கேட்ட அன்று மட்டும் உதடு லேசாக அசைந்த மாதிரி இருந்தது.

மலையடிவார ஸ்டேஷனின் பின்கட்டில் அந்த டீசல் பிக்கப் நின்றது. ஒரு கீறல் இல்லை. அது இழுத்துப்போன கேரவன்தான் இருநூறு அடிப் பள்ளத்தில் கிடந்தது. கட்டில், சமையல் மேடை, பாத்ரூம் எல்லாம் வைத்து, பாகலூர் ரோஜாத் தோட்டக்காரர் சென்னகிருஷ்ணன் ஆசை ஆசையாகச் செய்து வாங்கிய வண்டி. முட்டிவலிக்காரர். மாசம் ஒரு தடவை ஒகேனக்கல் போய் எண்ணெய் மசாஜ் செய்துகொள்வார். இனிமேல் படுத்துக்கொண்டே போகலாமே என்று நினைத்தார் பாவி மனுஷன். போன சனிக்கிழமைதான் முதல் பயணம். நாட்றாம்பாளையம் தாண்டி இறக்கத்தில் ஒரு வளைவு வந்தது. பிக்கப் திரும்பியது. கேரவன் திரும்பாமல் நேராகப் போய்விட்டது. அவர் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார்.

பிக்கப்பை ஓட்டியவர் நாராயணப்பன். இருபத்தாறு வருஷமாக அந்தக் குடும்பத்துக்கு டிரைவர்.

"நல்லா பாருங்க மேடம்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர் பரமசிவம், பல் குத்திக்கொண்டே. "பின்னாடி தகடு இருக்கு. தகட்டுல நாலு ஓட்டை இருக்கு. நாலு போல்ட் போட்டுக் கொக்கியை மாட்டியிருந்தாங்க, கொக்கியில கேரவனோட மூக்கு. இப்போ போல்ட்டும் இல்ல, கொக்கியும் இல்ல. நட்டு கழண்டு ரோட்டுல விழுந்திருக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பேனரைப் போட்டு முறுக்கிப் பாத்திருந்தா அவரு உசுரோட இருப்பாரு. அதுவும் ஆளை உள்ளே ஏத்திக்கிட்டு! இழுத்துட்டுப் போற வண்டியில ஆள் ஏறக்கூடாதுன்னு மாட்டுக்குக்கூடத் தெரியும்."

"மாட்டுக்குத் தெரியும் சார். முதலாளிக்கு அதை எந்த டிரைவர் சொல்றது?" என்றான் முனி.

"கூட ஒரு சங்கிலி இருந்திருக்கணுமே?" என்று கேட்டாள் ஜோதிமணி.

"இருந்துச்சு. அதையும் அதே கொக்கியிலதான் மாட்டியிருந்தாங்க. கொக்கியோட அதுவும் போச்சு."

"கொக்கியைத் தகட்டுல முடுக்கினது யாரு?"

"டிரைவர்தான். ஏதோ பட்டறையில மாட்டிட்டு வந்தான்னு செத்தவரோட மாப்பிள்ளை முத்துக்குமார் ஸ்டேட்மென்ட் குடுத்திருக்காரு. அவரு அந்தப் பக்கமே போகலையாம்."

ஸ்டேஷன் வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. அதன் ஒரு நுனியில் நாராயணப்பன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தினமும் விசாரணை என்று வரச்சொல்லி, உட்காரவைத்து, தோன்றியபோதெல்லாம் அறைந்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. இடது காது பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. மறு நுனியில் மேகலா, மடியில் டிபன் பாக்ஸோடு. செத்துப்போன சென்னகிருஷ்ணனின் ஒரே மகள், ஜோதிமணியின் கட்சிக்காரி. ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். "நாராயணப்பா தப்பு பண்ணியிருக்க மாட்டாருங்க, எப்படியாவது காப்பாத்துங்க" என்று முந்தாநாள் ஆபீஸில் வந்து அழுதவள். கொண்டுவந்த இட்லியை அவரிடம் நீட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே வேண்டாம் என்று தலையாட்டினார்.

ஜோதிமணி அவர் எதிரே போய் நின்றாள். "கொக்கியை மாட்டினது யாருங்க?"

"நான்தாங்க. எழுதிக்கோங்க."

"எந்தப் பட்டறை?"

"ஞாபகமில்லைங்க சாமி."

"ஓசூரா, பாகலூரா, பேரிகையா?"

"ஞாபகமில்லைங்க."

அந்தப் பக்கம் போன கான்ஸ்டபிள் ஒருவர் போகிற போக்கில் அந்த வீங்கின காதிலேயே ஒன்று வைத்தார். "ஞாபகம் வருதா?" நாராயணப்பன் வலியில் கண்ணை மூடிக்கொண்டார்.  மேகலா டிபன் பாக்ஸைக் கீழே போட்டுவிட்டாள்.

"மேடம்," என்று முனி தணிந்த குரலில் சொன்னான். "ஓசூர்ல எந்த ஸ்பீடு பிரேக்கர் எத்தனை இன்ச்சுன்னு இந்தாளு தூக்கத்துல சொல்வாரு. பட்டறை மட்டும் ஞாபகமில்லையாம். ரீல் சுத்தறாரு."

"யாருக்காகச் சுத்தறாருன்னு யோசி," என்றாள் அவள். பிறகு சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "கேரவனை ஏன் இன்னும் மேலே எடுக்கல?"

"கிரேன் கிடைக்கலையே. மாப்பிள்ளைதான் ஏற்பாடு பண்றேன்னிருக்காரு. அஞ்சு நாளா அலையறாரு, பாவம்."

முனிக்குப் பொறுக்கவில்லை. "ஓசூர்ல கிரேன் கிடைக்கலையா? திருப்பதியில மொட்டை அடிக்க ஆள் கிடைக்கலன்னு சொல்ற மாதிரி இருக்குது. சிப்காட்ல கல்லு விட்டா கிரேன் மேலதான் சார் விழும்!"

ஜோதிமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "கிரேன் வர வேண்டாம். முனி, நீ இறங்கு."

"எங்கே மேடம்?"

"பள்ளத்துக்கு."

வாயைக் கொடுத்து எதையோ புண்ணாக்கிக்கொள்வது முனிக்குப் புதிதல்ல.

சாட்சிக்கு ஒரு கான்ஸ்டபிளை அனுப்பினார் பரமசிவம். அவர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டு, இந்தப் பக்கம் போன வாரம் யானை இறங்கியது என்று தைரியம் சொன்னார். முனி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மறுமுனையைத் தாங்கள் வந்த ஜீப்பின் பம்பரில் முடிந்து, புதரைப் பிடித்துப் பிடித்து இறங்கினான். முள் சட்டையைக் கிழித்தது. பாதி வழியில் தெலுங்கிலும், அதற்குக் கீழே கன்னடத்திலும் திட்டினான். அடியில் வந்தபோது திட்ட மூன்று பாஷையிலும் ஒன்றும் மிச்சமில்லை.

கேரவன் மல்லாந்து கிடந்தது. ஒரு பக்கச் சுவர் பிய்ந்து உள்ளே எல்லாம் தெரிந்தது. உடம்பை அன்றைக்கே எடுத்துப் போய்விட்டார்கள். மெத்தை இருந்தது. மெத்தையில் காய்ந்துபோன கறை இருந்தது. ஒற்றைச் செருப்பு. மசாஜுக்குக் கொண்டுபோன விளக்கெண்ணெய் பாட்டில் ஒரு மூலையில் முழுசாகக் கிடந்தது. மனுஷன் எலும்பு எலும்பாக நொறுங்கிப் போயிருக்கிறார், கண்ணாடி பாட்டிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. முனி முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியின் மூக்குப் பக்கம் போனான்.

மூக்கு நுனியில் கொக்கி அப்படியே மாட்டிக்கொண்டிருந்தது. கொக்கியின் அடித்தகட்டில் நாலு ஓட்டைகள். மூன்று காலி. நாலாவதில் ஒரு போல்ட், வளைந்து சிக்கி, தலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் முனி போனை எடுத்தான்.

"மேடம்! ஒண்ணு மாட்டிக்கினு இருக்குது!" என்று மேலே பார்த்துக் கத்தினான். "அதுக்குப் பெயின்ட் அடிச்சிருக்காங்க!"

"தொடாதே! எல்லாப் பக்கமும் படம் எடு!"

எடுத்தான். போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு, பேனாவால் இழுத்த மாதிரி. அதற்குப் பக்கத்திலேயே ஒரு பச்சைக் கோடு. வெள்ளைக் கோட்டுக்குக் கீழே சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி. பின்பக்கம் போல்ட் முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் பாதி கரடுமுரடு. மீதிப் பாதி வழவழவென்று மின்னியது.

மேலே வந்து சேர்ந்தபோது அவன் பேன்ட்டில் முழங்காலுக்குக் கீழே துணி இல்லை. போனை நீட்டினான். ஜோதிமணி ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். முதல் படத்துக்கே மறுபடி வந்தாள்.

"மேடம், எதாவது சொல்லுங்க. காலெல்லாம் எரியுது."

"கம்பெனியில வேலை பாத்திருக்கியா நீ?"

"மூணு நாள். நாலாவது நாள் சூப்பர்வைசர் கைகூப்பி அனுப்பிட்டாரு."

"அப்போ தெரியாது. ஜீப்பை எடு, சொல்றேன்."

இறக்கத்தில் வண்டி உருண்டது. அவள் சொன்னாள். "லைன்ல ஒரு போல்ட்டை முடுக்கினதும், முடுக்கினவன் பெயின்ட் பேனாவால தலையிலேருந்து தகடு வரைக்கும் ஒரே கோடா இழுப்பான். முடிச்சாச்சுன்னு அர்த்தம். போல்ட் அப்புறம் கொஞ்சம் சுத்தினாலும் கோடு ரெண்டா விலகிடும். இந்தக் கோடு விலகியிருக்கா?"

"ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி நிக்குது."

"அப்போ இது கழலவே இல்ல. உடைஞ்சிருக்கு. முறிஞ்ச இடம் பாதி மின்னுது பாத்தியா? அது ரம்பம் போட்ட இடம். பாதியை அறுத்து வெச்சு மாட்டியிருக்காங்க. அறுத்த இடம் ரெண்டு தகட்டுக்கும் நடுவுல மறைஞ்சுடும், வெளியே தெரியாது. சமவெளியில தாங்கும். மலை இறக்கத்துல தாங்காது."

முனி ஸ்டீயரிங்கில் ஒரு தட்டு தட்டினான். "அப்போ கொலை! நாராயணப்பன் தப்பிச்சாரு! அந்த முகத்துக்கு ரம்பமும் தெரியாது, பெயின்ட் பேனாவும் தெரியாது. மேடம், மணி ஒண்ணரைதான். பரோட்டா சாப்பிட்டே போலாம்."

"சந்தோஷப்படாதே. கோடு ரெண்டு."

"ஒண்ணு வெள்ளை, ஒண்ணு பச்சை. கீழே ஒரு திருஷ்டிப் பொட்டு."

"வெள்ளை முடுக்கினவன் போடறது. பச்சை, முடுக்கினது சரின்னு சோதிச்சுப் பாத்தவங்க போடறது. குவாலிட்டி இன்ஸ்பெக்டர்."

முனிக்குப் பரோட்டா ஆசை அந்த இடத்திலேயே செத்துப் போயிற்று. "மேடம்... அந்தம்மாதானே நம்மளைக் கூட்டிட்டு வந்தது?"

"ஆமா."

"பெத்த அப்பாவை..."

"அதைத்தான் கேக்கப் போறேன். அந்தப் புள்ளி மட்டும் என்னன்னு எனக்குப் பிடிபடல. எந்தக் கம்பெனியிலயும் புள்ளி கிடையாது."

ஸ்டேஷனுக்கு அவர்கள் வந்தபோது மணி இரண்டேகால். முத்துக்குமார் வந்திருந்தான். முப்பத்தாறு வயது, கம்பெனி சட்டை, நெற்றியில் திருநீறு. கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். வேலைக்காக ஓசூர் வந்து, கம்பெனியில் மேகலாவைப் பார்த்து, ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டு, சென்னகிருஷ்ணன் வீட்டிலேயே தங்கிப்போனவன். எல்லாருக்கும் டீ வாங்கி வந்து கொடுத்துக்கொண்டிருந்தான். நாராயணப்பனுக்கும் ஒரு டம்ளர் கொடுத்து, "குடிங்க, என்ன செய்ய, நடந்தது நடந்துட்டு" என்று தோளைத் தட்டினான். அந்த நல்ல குணத்தைப் பார்த்து கான்ஸ்டபிள்களுக்கே கண் கலங்கியது.

ஜோதிமணி போனைப் பரமசிவத்தின் மேஜைமேல் வைத்து, அறுத்த போல்ட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாள். அவர் பல் குத்துவதை நிறுத்திவிட்டார். எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார்.

"மேகலா," என்றாள் ஜோதிமணி. "இந்தப் பச்சைக் கோடு யார் போட்டது?"

மேகலா படத்தைப் பார்த்தாள். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். 

"நீங்கதான் போட்டீங்க. என்கிட்ட வந்தப்பவே உங்களுக்கு இது தெரியும். நீங்க சரியாப் பாக்காம விட்டதாலதான் அப்பா செத்தாரோன்னு பயம். யாராவது வந்து, உங்க மேல தப்பில்லன்னு சொல்லணும், அதுக்கு நான் வேணும். அதே சமயம் வாயைத் திறந்து நான்தான் செக் பண்ணேன்னு சொல்லவும் தைரியமில்ல. வெளியே உக்காந்திருக்காரே, அவருக்கும் தெரியும். உங்க பேரு வெளியே வரக்கூடாதுன்னு அஞ்சு நாளா அறை வாங்கறார். நீங்க பக்கத்துலயே உக்காந்து இட்லி குடுத்துக்கிட்டிருக்கீங்க."

முனிக்கே சுருக்கென்றது. இவ்வளவு பச்சையாகச் சொல்லணுமா என்று நினைத்தான். மேகலா முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினாள்.

கதவருகே நின்ற நாராயணப்பன் பாய்ந்து வந்தார். "அம்மா ஒண்ணும் பண்ணல சாமி! நான்தான் அறுத்தேன்! என்னை உள்ள போடுங்க, அதை விட்டுடுங்க!"

"யோவ், போல்ட்டோட எந்த இடத்துல அறுத்தே?" என்றார் பரமசிவம்.

அவர் திருதிருவென்று விழித்தார். கான்ஸ்டபிள் அவரைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார்.

முத்துக்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டான். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. "சார், நான் ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. வெள்ளைக் கோடு எவன் வேணும்னாலும் போடலாம். கடையில பேனா கிடைக்கி. ஆனா பச்சை போட்டவங்கதான் பொறுப்பு. கம்பெனியில அதான் சட்டம். நான் சொல்லாம மறைச்சது தப்புதான், பொண்டாட்டியாச்சே. மேகலா, ஏன் இப்படிச் செஞ்ச?"

 பரமசிவம் நாற்காலியை மேகலா பக்கம் திருப்பினார். "சொல்லுங்கம்மா. யாரு முடுக்கினது? கூட யாரு?"

மேகலா கணவனைப் பார்த்தாள். அவன் அவள் காதுக்குக் கிட்டே குனிந்தான். ஆறுதல் சொல்கிற மாதிரிதான் இருந்தது. முனி ஓரடி தள்ளித்தான் நின்றான், அவனுக்குக் கேட்டது.

"என் பேரைச் சொன்னா, நீயும் கூட்டுன்னு சொல்லுவேன். பேசாம இரு. டிரைவர் கிழவன் ஜெயிலுக்குப் போயிட்டுப் போறான்."

முனியின் வாயில் வந்தது போலீஸ் ஸ்டேஷனில் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை. அதை விழுங்கிவிட்டு, "மேடம், இவரு இப்போ என்ன சொன்னாருன்னு மூணு பாஷையில சொல்லட்டுமா?" என்றான்.

"வேண்டாம். அவங்க சொல்லட்டும்," என்றாள் ஜோதிமணி. போனை எடுத்து, படத்தைப் பெரிதாக்கி மேகலாவின் கையில் கொடுத்தாள். "மேகலா, எனக்கு ஒண்ணுதான் புரியல. வெள்ளைக் கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி இருக்கு. அது என்ன?"

முத்துக்குமார் நிமிர்ந்தான். அந்தப் பஞ்சு முகத்தில் முதல் தடவையாக ஏதோ கழன்றது. எட்டிப் படத்தைப் பார்த்தான். மூன்று போல்ட் தொலைந்து இந்த ஒன்று சிக்கிக்கொண்டதை அவன் எதிர்பார்க்கவில்லை.

வெளியே ஜீப்பைத் தயார் செய்கிற சத்தம் கேட்டது. நாராயணப்பனைக் கூட்டிப் போகும் ஜீப். மேகலா அந்தச் சத்தத்தைக் கேட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அது எனக்கு வெச்சதுங்க," என்றாள்.

"உங்களுக்கா?"

"இவர் லைன்ல முடுக்கறது எல்லாம் என் டேபிளுக்குத்தான் வரும். நாங்க ஒரு வார்த்தை பேசிக்கறதுக்கு முன்னாடி, ஆறு மாசம், தினம் ஒரு போல்ட்ல மட்டும் கோட்டுக்குக் கீழே புள்ளி வெச்சு அனுப்புவாரு. எனக்கு மட்டும் தெரியும். வந்துதுன்னா அன்னைக்கெல்லாம் சிரிச்சுக்கினே வேலை செய்வேன். கல்யாணம் ஆனதும் அது நின்னுபோச்சு." கணவனைக் கையால் காட்டினாள். "வெள்ளிக்கிழமை இவர்தான் வீட்டுல கொக்கியை மாட்டினாரு. எங்கப்பா, என் மக பாத்து மார்க் போட்டாத்தான் வண்டியில ஏறுவேன்னு சொல்லிட்டாரு. நான் குனிஞ்சு பாத்தேன். நாலாவது போல்ட்ல புள்ளி இருந்துது. ஏழு வருஷம் கழிச்சு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சுங்க. இவரும் சிரிச்சாரு. முறுக்கிப் பாக்கற டார்க் ரென்ச்சை இவரே செட் பண்ணிக் கையில குடுத்தாரு. எந்த அளவுல வெச்சிருக்காருன்னு நான் பாக்கல. டிக்குன்னு சத்தம் வந்தா இறுக்கம் சரின்னு அர்த்தம். சத்தம் வந்தது, பச்சை போட்டுட்டேன்."

"சரியான அளவுல முறுக்கியிருந்தா அறுத்த போல்ட் அங்கேயே ஒடிஞ்சிருக்கும்," என்றாள் ஜோதிமணி. "அதனாலதான் குறைச்சு வெச்சுக் குடுத்திருக்கார்."

"எல்லாம் கதை சார்," என்றான் முத்துக்குமார். "புள்ளியை எவனும் வைப்பான்."

"வீட்டு பீரோல, என் சேலைக்கு அடியில ஒரு போல்ட் இருக்குது சார். முதல் முதலா புள்ளி வெச்சு அனுப்பினது. ஸ்டோர்ஸுக்குத் தெரியாம எடுத்து வெச்சுக்கினேன். கொண்டுவந்து ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. கைநடுக்கம் முதற்கொண்டு ஒண்ணா இருக்கும்."

பரமசிவம் எழுந்தார். கதவருகே நின்ற கான்ஸ்டபிள் தானாகவே கதவைச் சாத்தினார். முத்துக்குமார் அறையை ஒரு சுற்றுப் பார்த்தான். வழி இல்லை என்று தெரிந்ததும் அந்தப் பஞ்சுக் குரல் போய்விட்டது.

"உங்கப்பன் உகாதி அன்னைக்கு என்ன சொன்னான்? அத்தனை சொந்தக்காரங்க முன்னாடி? 'மாப்பிள்ளைன்னா இந்த கேரவன் மாதிரி, என் பின்னாடியே வருவாரு, கொக்கியைக் கழட்டினா நடுத்தெருவுல நிப்பாரு'ன்னான். எல்லாரும் சிரிச்சிய. நீயும் சிரிச்ச. ஏழு வருஷம் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். நீ பாத்துக்கிட்டுதான இருந்த? கொக்கியைக் கழட்டினா யாரு எங்க நிக்கான்னு காட்டணும்னு தோணுச்சு. காட்டினேன்."

சென்னகிருஷ்ணன் சொல்லியிருப்பார்தான். பாகலூர்ப் பக்கம் அவர் வாயைத் தெரியாதவர்கள் இல்லை. மேகலாவும் அதை மறுக்கவில்லை. அவள் கேட்டது வேறு.

"அப்பாவைக் கொல்லணும்னு நெனச்சீங்க. சரி. அந்தப் புள்ளியை ஏங்க வெச்சீங்க? கை மறந்துபோய் வெச்சுதா?"

அவன் அவளை நேராகப் பார்த்தான். கொஞ்சம் சிரித்தான்கூட.

"மறந்து யாரு வைப்பா? வைக்கலன்னா நீ ரென்ச்சை வாங்கி அளவைப் பாத்திருப்ப."

 முனி அவசரமாக மேகலாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. முத்துக்குமாரின் சட்டையைக் கழுத்தோடு பிடித்து இழுத்துப் போனார்கள். வராந்தாவில் அவன் வாங்கி வைத்த டீ டம்ளர்கள் காலில் பட்டு உருண்டன.

நாராயணப்பனைப் பார்த்துப் பரமசிவம், "நீ போலாம்யா" என்றார். அஞ்சு நாள் அடித்ததற்கு அவ்வளவுதான். நாராயணப்பன் போகவில்லை. மேகலாவைச் சுட்டிக்காட்டினார்.

"அம்மாவையும் அனுப்புங்க சாமி."

பரமசிவம் தாடையைச் சொறிந்தார். "அது முடியாதே. தெரிஞ்சு செஞ்சாங்களா, தெரியாம செஞ்சாங்களான்னு கோர்ட்டுதான் சொல்லணும். சோதிச்சுப் பாத்துச் சரின்னு விட்டது அவங்க. ஸ்டேட்மென்ட்ல எழுதினா கேஸுல அவங்க பேரும் வரும்." குரலைத் தாழ்த்தி, அவரளவுக்கு ஒரு உபகாரமாகவே சொன்னார்: "வேணும்னா அந்தப் பச்சைக் கோட்டை விட்டுட்டு எழுதிக்கலாம்மா. வெள்ளை ஒண்ணே போதும் எனக்கு."

ஜோதிமணி மேகலாவைப் பார்த்தாள்.  முனி மட்டும் தலையைத் தலையை ஆட்டினான், சரின்னு சொல்லும்மா, சரின்னு சொல்லு என்று.

"எழுதுங்க சார்," என்றாள் மேகலா.

ஸ்டேஷன் ரைட்டர் பேனாவைத் திறந்தார்.

"கொக்கியைச் சோதிச்சது நான். பச்சை போட்டது நான். எங்கப்பா முட்டிவலியோட ஸ்டூல் போட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. ஒவ்வொரு போல்ட்டுக்கும், 'சரியா இருக்குதா பாப்பா'ன்னு கேட்டாரு. நாலு தடவை கேட்டாரு. நாலு தடவையும் சரியா இருக்குதுப்பான்னு சொன்னேன். அதையும் எழுதுங்க."

ரைட்டர் பரமசிவத்தைப் பார்த்தார். பரமசிவம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, எழுது என்று கையைக் காட்டினார்.